மொட்டைமாடிக்கு மாபிள் எதற்கு?

மட்டக்களப்பில் ஒரு வீட்டின் மொட்டைமாடிக்கு எந்தத் தரை போடுவது என்பது தொழில்நுட்பக் கேள்வியாக இருந்த காலம் போய்விட்டது. இன்று அது மானக் கேள்வி. எழுவான்கரையில் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கு நோக்கிப் போனாலும் சரி, வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு வழியாகப் படுவான்கரைக்குள் இறங்கினாலும் சரி, புதிதாக எழும்பிய வீடுகளின் தலையில் வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கும் மாபிள் பதித்திருப்பதைக் காணலாம். தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சொல் விளக்கம்: நம்மூர்ப் பேச்சில் மாபிள் என்றால் பளிங்குக்கல் அன்று. தொழிற்சாலையில் சுட்டு மெருகேற்றி வரும் ரைல்ஸ். உங்கள் எழுத்தில் டைல்ஸ்.

வீட்டுக்குள் அதைப் போடுவதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. குளியலறைச் சுவருக்கும் சமையலறை மேடைக்கும் அது உகந்ததுதான். ஆனால் வெட்டவெளியில், வருடத்தில் நான்கு மாதம் மழையிலும் எஞ்சிய காலம் கொதிக்கும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடக்கும் ஒரு கொங்கிறீற்றுத் தட்டின் மீது பளபளப்பு மாபிளைப் பதிப்பது காசைக் கொடுத்து மூன்று தீமைகளை வாங்குவதாகும் என்பதே என் கட்சி. அந்தத் தரை வழுக்கும். அது சுடும். மூன்றாவது தீமைதான் பெரியது: தன் அடியில் நடக்கும் கேட்டை அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொங்கிறீற்று மாடியையே பழிக்கும் கூட்டத்தில் நான் இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை அனுபவித்த எவரும் மட்டக்களப்பில் அப்படிப் பேசமாட்டார்கள். அன்றிரவு ஓடுகள் காகிதத் துண்டுகள் போலப் பறந்தன. கிடுகுக் கூரைகள் இருந்த இடமே தெரியவில்லை. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது, கரையோரக் கிராமங்களில் மாடிவீட்டுப் படிக்கட்டுகளில் ஏறி நின்றவர்கள் பலர் உயிர் தப்பினார்கள். ஆகவே நம் மக்கள் தட்டுப்போட்ட வீட்டை விரும்புவதற்குப் பகட்டு மாத்திரம் காரணமன்று. அச்சமும் பட்ட பாடும் அதன் பின்னால் இருக்கின்றன. அந்தத் தட்டின் மேல் எதைப் போடுகிறோம் என்பதில்தான் புத்தி தடுமாறுகிறது.

வழுக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம். மாபிளுக்கு வழுக்குத் தடுப்புத் தரம் என்று ஒன்று உண்டு. ஜேர்மன் அளவுமுறைப்படி ஆர் 9 முதல் ஆர் 13 வரை அதை வகுத்திருக்கிறார்கள். எண் கூடக்கூடப் பிடிமானம் கூடும். மழை விழும் வெளித்தளத்துக்கு ஆர் 11ஐயாவது தேடு என்பது பொதுவான அறிவுரை. மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் இதைப்பற்றி நான் விசாரித்தபோது விற்பனையாளரான இளைஞர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சேர், இது வெளிநாட்டு மொடல், எல்லா இடத்துக்கும் போடலாம்" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அது சுவருக்கென்று செய்த மாபிள்! சுவர் மாபிளில் பல, தம் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடியவை. போசிலின் எனப்படும் இறுகச் சுட்ட வகையோ நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உறிஞ்சாது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். விலையிலும் ஆயுளிலும்தான் வித்தியாசம் தெரியும். விற்பவருக்கே அது தெரியாதபோது, ரொறன்ரோவில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் படம் பார்த்துத் தெரிவு செய்யும் மகனுக்கு எப்படித் தெரியும்?

அந்த மகனைப்பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரில் வீடு கட்டுகிறார்கள். நல்லது. அந்த வீட்டில் வாழப்போகிறவர் யார்? எழுபது வயதைத் தாண்டிய அம்மா. சில வீடுகளில் அப்பாவும் இருப்பார். டிசம்பர் மாதத்தில் திடீரென்று மழை இருட்டிக்கொண்டு வரும்போது மேலே காயப்போட்ட நெல்லையும் மிளகாயையும் உடுப்பையும் அள்ளிக்கொண்டுவர ஓடுகிறவர் அந்த அம்மாதான். நனைந்த பளபளப்பு மாபிளில் வெறுங்காலோடு ஓடும் ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிவதற்கு ஒரு கணம் போதும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் மறுபடி பழையபடி நடப்பதேயில்லை. சிலர் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. எனக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே இப்படி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பறந்து வந்தார்கள், நல்ல வைத்தியமும் செய்தார்கள். அம்மாவை வீழ்த்திய தரையை மட்டும் மாற்றவில்லை. அது விலை கூடிய தரை அல்லவா!

அடுத்தது வெயில். மே மாதம் தொடங்கினால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் அந்தக் காற்றின் வெக்கை வாவிக்கரை மக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அக்காலத்து நடுப்பகல் வெயிலில் கருநிற மாபிளின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறக்கூடும். கடுஞ்சாம்பல், கபிலம், மரப்பலகை போலக் காட்சிதரும் வர்ணம் ஆகியவைதாம் இப்போது நம்மவர்க்கு உவப்பான நிறங்கள்! குளிர்நாட்டுக்காரன் தன் வீட்டுத் தளத்துக்குக் கருநிறத்தைத் தெரிவு செய்வதில் நியாயம் உண்டு. வருடத்தில் பாதி நாள் கிடைக்காத வெயிலை அவன் சேமித்துக்கொள்ள விரும்புகிறான். நமக்கு அப்படி என்ன வெயில் பஞ்சம்? பகலெல்லாம் குடித்த வெப்பத்தை அந்தத் தட்டு இரவு முழுவதும் கீழே உள்ள அறைகளுக்குள் இறக்குகிறது. மின்விசிறி அனலை வாரி இறைக்கிறது. பிறகு குளிரூட்டி பூட்டுகிறார்கள். 2022இல் மின்கட்டணம் ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தக் குளிரூட்டியை முடுக்க அஞ்சி, விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்கிறார்கள்.

இந்தியாவில் இதற்கு நேர்மாறான திசையில் நகர்ந்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலைக்குப் பின்னர் அகமதாபாத் நகரம் 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. பிற்பாடு ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையையும் அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. புதிதாகப் பூசிய வெள்ளைத் தளம் தன்மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். இதில் எந்த வித்தையும் இல்லை. சுண்ணாம்பும் தூரிகையும் போதும். இதைச் சொன்னால் நம்மூரில், "வெள்ளையடிச்ச மாடியா? அது ஏழைவீட்டு வேலையல்லவா?" என்கிறார்கள்.

இனி, நான் பெரிய தீமை என்று சொன்ன விடயத்துக்கு வருகிறேன். மாபிள் போட்டால் தண்ணீர் இறங்காது என்று நம் மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் நம்புகிறார்கள். மேசன்மாரும் நம்புகிறார்கள். "ஐயா, மேல மாபிள் வருதுதானே, பிறகு எதுக்குத் தண்ணிப்பூச்சு?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். இது தவறு. மாபிள் நீர் புகாததாக இருக்கலாம். இரண்டு மாபிள்களுக்கு இடையே நிரப்பும் சாந்து அப்படியன்று. வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் அந்த இடைச்சாந்து மயிரிழையாக வெடிக்கும். அதன் வழியே இறங்கும் நீர் அடிக்கலவைக்குள் தேங்கும். வெயில் அடித்தாலும் மேலே மூடியிருப்பதால் அது இலகுவில் உலராது. கலவை முழுவதும் ஊறிய பிறகு தட்டில் எங்கே ஒரு சிறு வெடிப்பு இருக்கிறதோ அங்கே கீழே சொட்டும். நீர் புகுந்த இடம் வடகிழக்கு மூலையாக இருக்கும்; சொட்டுவதோ சாமியறைக்கு மேலே. எந்த மாபிளை உடைத்துப் பார்ப்பது? ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் உடைக்கவேண்டிய நிலை வரும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் வரும் உப்பும், சில வேளைகளில் சரியாகக் கழுவாத மணலோடு வரும் உப்பும் ஈரத்தோடு கூடி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, இரும்பைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். கூரையின் அடிப்பக்கத்தில் பூச்சுக் கழன்று கம்பி பல்லிளிக்கும் வீடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றில் பலவற்றின் மேற்பக்கம் போய்ப் பாருங்கள். பளபளவென்று இருக்கும். வெறும் சீமெந்துத் தளமாக இருந்திருந்தால் முதல் வெடிப்பே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாளி கலவையோடு அந்த வருடமே காரியம் முடிந்திருக்கும்.

பாரத்தைப்பற்றியும் ஒருவரும் யோசிப்பதில்லை. மாபிள் பதிக்க இரண்டு அங்குலம் கலவை போடுகிறார்கள். அதன் பாரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ. 1000 சதுர அடி மாடிக்கு 10 தொன்! மாபிளின் பாரம் அதற்கு மேலே இரண்டு தொன்னுக்குக் குறையாது. தட்டைத் திட்டமிட்ட நாளில் இந்தப் பாரத்தையும் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டால், பல வீடுகளுக்கு வரைபடமே முழுமையாக இல்லை என்பது தெரியவரும். அந்தப் பத்துத் தொன்னில் பெரும்பகுதி மணல். அந்த மணல் நம் ஆறுகளிலிருந்து வருவது. 2019 டிசம்பரில் மணல் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரத்தை அரசு நீக்கியபோது இந்த மாவட்டத்து ஆற்றோரங்களில் என்ன நடந்தது என்பதை ஊரார் கண்ணால் கண்டார்கள். மணலுக்காக ஆற்றங்கரை இடிவதைக் கண்டித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து மொட்டைமாடிக்கு இரண்டு அங்குலம் மணல் கொட்டுகிறோம்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் போடுகிறார்கள்? இங்கேதான் மட்டக்களப்பின் தனி வழக்கம் குறுக்கே வருகிறது. கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. தமிழராயினும் முஸ்லிம்களாயினும் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் பண்ணுவதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் நெடுங்கால வழக்கம். குடிவழி தாய்வழியாகவே எண்ணப்பட்ட மண் இது. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டு ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் இந்தச் சீதன வீட்டு வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொத்துரிமையும் தன் தாய் வீட்டுக்கு அருகிலேயே வாழும் பாதுகாப்பும் தந்த இந்த ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் இதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் அதே ஏற்பாடு இன்று எந்த இடத்துக்கு வந்து நிற்கிறது? மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் மூன்று வீடு. வீடு என்றால் முன்பு நான்கு சுவரும் கூரையும். பிறகு சீற்று போதாது, ஓடு வேண்டும் என்றார்கள். ஓடு போதாது, தட்டு வேண்டும் என்றார்கள். இப்போது தட்டும் போதாது. "மாபிள் போட்ட வீடா?" என்று தரகர் கேட்கிறார். மேல் மாடிக்கும் போட்டிருக்கிறதா என்று மாப்பிள்ளையின் தாயார் படியேறிப் பார்க்கிறார். இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்வதற்காக ஒரு தாய் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறாள். இரண்டு வருடம் என்று போனவள் எட்டு வருடம் நிற்கிறாள். பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கிறாள். ஒரு பெண்ணின் எத்தனை மாதச் சம்பளம், வெயிலில் காய்வதற்கும் மழையில் வழுக்குவதற்கும் உரிய ஒரு தரையாக மாறிக் கிடக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்தவர் உண்டா? ஊர்ச் சங்கங்களும் கோயில் வண்ணக்கர்மாரும் பள்ளிவாசல் நிருவாகிகளும் சீதனத்தைப்பற்றி அவ்வப்போது பேசுகிறார்கள். நகையைப்பற்றிப் பேசுகிறார்கள், ரொக்கத்தைப்பற்றிப் பேசுகிறார்கள். தரையைப்பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசுகிறேன்.

2020இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் ரைல்ஸ் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. 2021இல் கடைகளில் மாபிள் கிடைக்கவில்லை. கிடைத்ததும் யானை விலை. அப்போதாவது நம்மவர் வேறு வழி தேடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. குடிபுகுதலுக்கு நாள் குறித்துவிட்டு, மாபிள் வரும்வரை நாளைத் தள்ளிவைத்தார்கள்! 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போயிற்று. சீமெந்து மூடையின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. அந்த நெருப்பிலும் கடன்பட்டு மாபிள் பதித்தவர்களை நான் அறிவேன்.

எதிர்க்கட்சி வாதங்களையும் கேட்போம். சீமெந்துத் தளத்தில் பாசி பிடிக்கிறது, கறுத்துப்போகிறது, அதுவும் வழுக்கத்தானே செய்கிறது என்பார்கள். இது உண்மையான குறை. மழைக்காலத்தில் பாசி படர்ந்த சீமெந்து, மாபிளுக்குச் சளைத்ததன்று. ஆனால் பாசி வளர்வது நீர் தேங்கும் இடத்தில். நீர் தேங்குவது வாட்டம் இல்லாத இடத்தில். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் கொடுத்து, துவாரக் குழாயைத் தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்தால் மழை விட்ட சற்று நேரத்தில் தளம் வடிந்துவிடும். நம் மேசன்மார் குழாயைத் தளத்துக்கு அரை அங்குலம் மேலே வைத்துவிட்டு, பிறகு தண்ணீர் போகவில்லை என்று மழையைக் குறை சொல்வார்கள். தேங்கும் தண்ணீரில் பாசியோடு நுளம்பும் வளரும். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டதையும், நமக்கு அயலில் உள்ள கிண்ணியா பட்ட பாட்டையும் அதற்குள் மறந்துவிட முடியாது. அந்த வேளையில் சுகாதாரப் பரிசோதகர்கள் வளவுக்குள் சிரட்டையைத் தேடினார்கள். மொட்டைமாடிக்கு ஏறியவர் எத்தனை பேரோ.

மாபிள் கழுவ இலகு என்பது இன்னொரு வாதம். மொட்டைமாடியை வாரந்தோறும் கழுவுகிறவர் யார்? மழைதான் கழுவுகிறது.

சரி, வேறு என்னதான் போடுவது என்று கேட்பீர்கள். தமிழகத்தில் பழைய வீடுகளில் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்லநீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரத்தட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் போடுவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வெப்பத்தைத் தடுப்பதிலும் நீரைத் தடுப்பதிலும் அதற்கு ஈடு இல்லை. சென்னையில் அப்படிப்பட்ட மாடிகளில் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த வேலை தெரிந்தவர்கள் அங்கேயே அருகிவிட்டார்கள். நம் பக்கத்தில் சுண்ணாம்பு என்றால் கல்குடாப் பகுதியில் முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த காலம் ஒன்று இருந்தது. முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுத்தது நியாயமே. கரையைக் காக்கும் கல்லை எடுத்துக் கூரையைக் காப்பதில் பொருள் இல்லை. ஆகவே பழமைப் பெருமை பேசி அந்த முறையை இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டேன்.

நம் ஊருக்கு நான் சொல்வது எளிய வேலை. தட்டை நன்றாகச் சுரண்டிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, வாட்டத்துக்குத் தேவையான அளவுக்கு மாத்திரம் கலவை போட வேண்டும். தண்ணீர் வாயருகே முக்கால் அங்குலமும் மறு கோடியில் வேண்டிய அளவும் இருந்தால் போதும். கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலையைக் கூராக விடாமல் வளைத்துப் பூசவேண்டும். ஒழுக்கு தொடங்கும் இடங்களில் பெரும்பாலானது அந்த மூலையே. இரண்டு பகுதியாக வரும் சீமெந்துச் சார்பு நீர்காப்புப் பூச்சை இரண்டு கையாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்து, அதைச் சுவரில் ஒரு சாண் உயரம் ஏற்றிவிட வேண்டும். அதன் மேல் மெல்லிய காப்புக் கலவை ஒன்றைப் போட்டு, ஈரம் காயுமுன் தும்புத்தடியால் இழுத்துச் சொரசொரப்பாக்கி, எட்டுப் பத்து அடிக்கு ஒரு வெட்டு விட்டால் தரை முடிந்தது. கடைசியில் வெள்ளை. சுண்ணாம்பும் வெள்ளைச் சீமெந்தும் கலந்து அடித்தால் ஒவ்வொரு வருடமும் சித்திரைக்கு முன் ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். ஒரு வாளி, ஒரு தூரிகை, அரை நாள் வேலை. இதைச் சோம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் மதிலுக்கு வர்ணம் பூசாமல் இருப்பதில்லை.

இல்லை, மாபிள் இருந்தே ஆகவேண்டும், சம்பந்தி வீட்டார் பார்க்கவேண்டும் என்போருக்கும் ஒரு வழி இருக்கிறது. குஜராத்திலும் தமிழகத்திலும் உடைந்த வெள்ளை மாபிள் துண்டுகளை நெருக்கமாகப் பதித்து மாடித்தளம் போடுகிறார்கள். வெயிலைத் திருப்பும்; இடைக்கோடுகள் நிறைய இருப்பதால் காலுக்குப் பிடிமானமும் ஓரளவு உண்டு. கடைகளில் உடைந்து ஒதுக்கிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இதற்கும் கீழே நீர்காப்புப் பூச்சு கட்டாயம். முழு மாபிள்தான் வேண்டுமென்றால் சொரசொரப்பான, வெளிர்நிற, போசிலின் வகையைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் ஒரு கரண்டி, மூலைக்கு ஒரு கரண்டி என்று கலவையை வைத்து அதன் மேல் மாபிளைக் குந்தவைக்க விடாதீர்கள். அடியில் விடும் வெற்றிடம்தான் பிறகு தண்ணீர்த் தொட்டி.

மாடியோடு இது நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேலே தொடங்கிய மோகம் படியிறங்கி முற்றத்துக்கு வந்துவிட்டது. வெண்மணல் முற்றம் மட்டக்களப்பின் அழகு. அதிகாலையில் கூட்டிய முற்றத்தில் ஈர்க்கு வரிகள் தெரியும். இப்போது வாசல்படி தொடங்கி மதில்வரை இடைவெளியில்லாமல் கல்லும் கொங்கிறீற்றும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள இந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் நம் கிணற்று நீர் என்பது வானத்திலிருந்து மணல் வழியாக இறங்கி, கீழே உள்ள உப்பு நீரின் மேல் மிதக்கும் நன்னீர் மாத்திரமே. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அது கீழே நாற்பது அடிவரை உப்பு நீரை அமிழ்த்தி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பால பாடம். மேலே அந்த ஓர் அடி குறைந்தால் உப்பு ஏறிவரும். சுனாமிக்குப் பிறகு உவராகிப்போன கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மாரி மழை. அந்த மழை இறங்குவதற்கு மணல் திறந்திருந்தது. இன்று அப்படி ஒன்று நேர்ந்தால் மழை எங்கே இறங்கும்? காத்தான்குடியைப்போல நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒவ்வோர் அடி மணலும் பொதுச்சொத்துக்குச் சமம்.

1000 சதுர அடி மாடியில் ஒரு வருடம் விழும் மழை, இங்கே பெய்யும் சுமார் 1,650 மில்லிமீற்றர் கணக்குப்படி, ஏறத்தாழ 1,50,000 லீற்றர். அதை வீதி வாய்க்காலுக்கு அனுப்பிவிட்டு, ஆவணியில் தண்ணீர் பவுசருக்குக் காத்திருக்கிறோம். மழைநீர் சேமிப்புக்கென்று 2005இல் தேசியக் கொள்கையும், 2007இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தில் திருத்தமும் வந்தன. வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும் உள்ளூராட்சி மன்றங்கள் மாடியின் வாட்டத்தையும் குழாய் போய்ச் சேரும் இடத்தையும் வரைபடத்தில் காட்டும்படி கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்; மேசையில் இருப்பவருக்கு அக்கறை இருந்தால் போதும்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். மாபிளின் படத்தை அனுப்பச் சொல்லுமுன், மேசனாரை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். நீர்காப்புப் பூச்சு அடித்துக் காய்ந்த பின்னர், குழாய் வாய்களைத் துணியால் இறுக அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாட்கள் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கீழ் அறைகளின் கூரைப்பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் ஓர் ஈரப்பொட்டுக்கூட இல்லாவிட்டால் மாத்திரம் மேற்கொண்டு காசு அனுப்புங்கள். ஒக்ரோபர் மாரி தொடங்குவதற்கு முன்பே, புரட்டாதிக்குள் இந்தச் சோதனையை முடித்துவிடுவது நல்லது.